இடது பக்கத்து ஆள்

ஜனவரி 4, வியாழன்

இன்சூரன்ஸ் ஏஜண்டு நடேசண்ணன் டைரி குடுத்துட்டுப் போனாரு. வருசா வருசம் லாரி இன்சூரன்ஸை ரெனியூவல் பண்ணினா ஒரு டைரி, ஒரு காலண்டர். போன வருசத்து டைரியில பால் கணக்கு எழுதியே தீர்த்தாச்சு. இந்த வருசம் மனசுல வர்றதையும் எழுதிப் பார்க்கலாம்னு இருக்கேன். எங்க வீட்டுக்காரர் லோடு ஏத்திட்டுப் போனா வர்றதுக்கு ஒரு வாரம் ஆகுது. மக கயல் ஈரோட்டுல ஹாஸ்டல்ல இருக்கா. செவுத்துகிட்டயா பேசறது?

இந்தச் சங்ககிரியில ஒத்தை லாரி வெச்சுப் பொழைக்கிறவங்க எத்தனையோ பேரு. அதுல பேப்பர் எல்லாம் சுத்தமா வெச்சிருக்கிற வீடு எதுன்னு லாரி ஆபீஸ்ல கேட்டா, குழந்தைவேல் வீடுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவாங்க. பேரு அவருக்கு, பாடு எனக்கு. எப்.சி., பர்மிட், ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ் எதுவும் ஒரு நாள் தவறினதில்ல.

நடேசண்ணன் இன்சூரன்ஸ் பாரத்தை எழுதிட்டே, "ஏம்மா தமயந்தி, வழக்கம்போல டிரைவர் ஒண்ணு, கிளீனர் ஒண்ணு, ரெண்டு பேருக்கும் சேத்துப் போட்டுரலாமா?"ன்னு கேட்டாரு.

"கிளீனரை எடுத்துருங்கண்ணா. மாதையனைத் தீவாளியோட நிறுத்தியாச்சு."

"பத்துச் சக்கர வண்டிய ஒத்தை ஆளா எப்படிம்மா ஓட்டறாப்ல?"

"இப்ப எல்லாரும் அப்படித்தான் ஓட்டறாங்க. கண்ணாடி எதுக்கு வெச்சிருக்குது?"

கிளீனர்ங்கற எடத்துல கோடு போட்டு அடிச்சுட்டு, காப்பியக் குடிச்சுட்டுப் போனாரு.

ஜனவரி 9, செவ்வாய்

மாதையன் வந்திருந்தாரு. மறுபடி வேலைக்கு வரட்டுமான்னு கேட்டாரு. வண்டிக்குள்ள உக்காந்து தூங்கறதுக்கும் திங்கறதுக்கும் ஒரு ஆள் எதுக்குங்கன்னு நான் நேராவே சொல்லிட்டேன். எனக்குப் பூசி மெழுகத் தெரியாது.

போகும்போது வாசல்ல நின்னு, "அம்மிணி, ஐயாவுக்கு இடது பக்கம் நாஞ் சொன்னாத்தானுங்க தெரியுது"ன்னாரு.

வேலை கேக்கறதுக்கு எப்படியெல்லாம் பேச்சுப் பாருங்க! இருபத்தஞ்சு வருசமா ஸ்டியரிங் புடிச்ச மனுசனுக்கு இவரு சொன்னாத்தான் ரோடு தெரியுதாமா. நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டுப் போனாரு.

ஜனவரி 21, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டுகிட்ட டிரைவர்களுக்கு இலவசக் கண் பரிசோதனை. நாந்தான் எங்க வீட்டுக்காரரைக் கையப் புடிச்சு இழுக்காத குறையாக் கூட்டிட்டுப் போனேன். அவிய வரிசையில கொஞ்ச நேரம் நின்னாரு. முன்னால ஒருத்தரை ஒரு கண்ணை மூடிட்டு எழுத்தைப் படிக்கச் சொன்னதும், "டீ குடிச்சுட்டு வர்றேன்"னு போனவரு வரவே இல்ல. வீட்டுல வந்து படுத்திருந்தாரு.

நானும் ஒண்ணும் கேக்கல. கேட்டா மட்டும் என்ன ஆயிரும்? சக்கரை இருக்கிற உடம்பு, கொஞ்சம் முன்னப்பின்னத்தான் இருக்கும். ராத்திரி சாப்பாட்டுல மோரை டம்ளருக்கு வெளிய ஊத்தினாரு. தூக்கக் கலக்கம்.

பிப்ரவரி 3, சனி

இன்னைக்கு நல்ல நாள். என் தம்பி பூபதி கவர்மெண்டு பஸ் டிரைவர் டெஸ்ட்டுல பாஸ் ஆயிட்டான்! பஸ்ஸ ரிவர்ஸ்ல கொண்டு போயிக் கோட்டுக்குள்ள நிறுத்தச் சொன்னாங்களாமா. ஒரு குச்சியக் கூடத் தட்டாம நிறுத்தினானாம். டெஸ்ட்டு எடுத்த ஆபீசரே தோள்ல தட்டிக் குடுத்தாராம். ஆர்டர் வரணும், போலீஸ் விசாரணை முடியணும், அவ்வளவுதான்.

அம்மா போனப்ப அவனுக்குப் பத்து வயசு. நாந்தான் சோறு போட்டு வளத்தேன். இப்ப ஒரு காலேஜ் பஸ் ஓட்டிட்டிருக்கான். குமாரபாளையத்துல பாத்திருக்கிற பொண்ணு வீட்டுலயும் ஆர்டர் வந்தா உடனே தேதி குறிக்கலாம்னு சொல்லியிருக்காங்க.

ஸ்வீட் பாக்ஸோட வந்தான். சாப்பிட்டு முடிச்சுட்டு, "அக்கா, மாமா லைசன்ஸ் ரெனியூ பண்ணியாச்சா? ஐப்பசியிலயே முடிஞ்சுதே?"ன்னு கேட்டான்.

"பண்ணிக்கலாம்டா. அதுக்குக் கண்ணு சர்டிபிகேட்டெல்லாம் கேக்கறாங்க. சிமெண்டு லோடு நெருக்கம் கொஞ்சம் முடியட்டும்."

"முடியற வரைக்கும் வேற ஆளைப் போட்டு ஓட்டுங்கக்கா."

"உன்ற மாமா கேப்பாரா?"ன்னு பேச்சை மாத்திட்டேன். ஜாங்கிரி கொஞ்சம் புளிச்சுப் போயிருந்துது.

பிப்ரவரி 23, வெள்ளி

ராத்திரி ஒரு மணி ஆச்சு. இருந்தாலும் எழுதறேன்.

சாயங்காலம் மாவு ஆட்டிட்டிருந்தேன். அவிய போன் பண்ணினாரு.

"தமயந்தி, ஒரு ஆள் மேல வண்டி பட்டிருச்சு."

"ஐயோ! எங்கீங்க?"

"சேலம் ரோட்டுல. டீசல் போடலாம்னு பங்குக்குள்ள இடது பக்கம் திருப்பினேன். இடது பக்கம் யாருமே இல்ல தமயந்தி. டமார்னு ஒரு சத்தம் கேட்டுது. எறங்கிப் பாத்தா பால் கேனு உருளுது."

மொபெட்டுல பால் கேன் கட்டிட்டு வந்த ஆளு. உசுரு இருக்குது, ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்களாம். ஜனம் கூடறதுக்குள்ள இவிய வண்டிய உட்டுட்டுச் சோளக்காட்டுக்குள்ள போயி உக்காந்திருக்காரு. எல்லா டிரைவரும் அதைத்தான் பண்ணுவாங்க. நின்னா அடிச்சே கொன்னுருவாங்க.

நடேசண்ணனுக்குப் போன் போட்டேன். அவரு மொதல் கேள்வியே, "லைசன்ஸ் நடப்புல இருக்குதாம்மா?"

நான் பேச்சை மாத்தப் பாத்தேன். அவருக்குப் புரிஞ்சு போச்சு. திட்டித் தீர்த்துட்டு, அப்புறம் நிதானமாச் சொன்னாரு: "அடிபட்ட ஆளுக்குக் கம்பெனி எப்படியும் குடுத்துரும்மா, கோர்ட்டு விடாது. ஆனா ஓட்டினவனுக்கு லைசன்ஸ் இல்லைன்னா, குடுத்ததை உங்ககிட்டத் திருப்பி வசூல் பண்ணிரும். வண்டியும் போயிரும், வீடும் போயிரும்."

"இப்ப நான் என்ன பண்ணட்டுங்கண்ணா?"

"நான் எதுவும் சொல்லல. ஊருல என்ன பண்றாங்கன்னு உனக்கே தெரியும்."

தெரியும். லாரித் தொழில்ல தெரியாதவங்க யாரு? ஓட்டினவன் காட்டுக்குள்ள ஓடிருவான். லைசன்ஸ் சுத்தமா இருக்கிற ஒருத்தன் ஸ்டேஷனுக்குப் போயி, நாந்தான் ஓட்டினேன்னு பேரைக் குடுப்பான். பேரைக் குடுத்தவன்தான் டிரைவர். எத்தனையோ வீட்டுல நடக்கறதுதான்.

பூபதிக்குப் போன் பண்ணினேன். எல்லாத்தையும் சொன்னேன். "ஆர்டர் வரப்போற நேரம்க்கா"ன்னான். சின்னக் கேசுதான்டா, ஆளுக்குக் காலுல அடி, ஆறு மாசத்துல முடிஞ்சுரும்னேன். உன்னை வளத்ததுக்கு நான் இதுவரைக்கும் எதாச்சும் கேட்டிருக்கனா பூபதின்னு கேட்டேன்.

"சரிக்கா, வர்றேன்"னான்.

அந்தப் பால்காரக் குடும்பம் நடுத்தெருவுல நிக்கக் கூடாதேன்னுதான் இதெல்லாம். இன்சூரன்ஸ் கெட்டுப் போனா அவங்களுக்கு யாரு குடுப்பா?

பிப்ரவரி 24, சனி

பூபதி ஸ்டேஷன்ல பேரைக் குடுத்துட்டு ஜாமீன்ல வந்துட்டான். ரெண்டு இட்லி சாப்பிட்டான்.

பிப்ரவரி 28, புதன்

பால்காரர் பேரு அர்த்தனாரியாம். சேலத்துல ஆஸ்பத்திரியில இருக்காரு. போயிப் பாத்துட்டு வரலாம்னு ஹார்லிக்ஸ் வாங்கி வெச்சேன். நடேசண்ணன் வேண்டாம்னுட்டாரு. போனா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமாம். ஹார்லிக்ஸ் அலமாரியில இருக்குது.

எங்க வீட்டுக்காரர் வீட்டை விட்டு வெளிய வரல. டி.வி.யப் பாத்துட்டே உக்காந்திருக்காரு. தலையக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி வெச்சுட்டுத்தான் பாக்கறாரு. கழுத்து வலியா இருக்கும்.

மார்ச் 5, செவ்வாய்

அர்த்தனாரி போயிட்டாரு.

மார்ச் 6, புதன்

கேஸ் மாறிருச்சு. அடிபட்ட கேஸ் சாவுக் கேஸா ஆயிருச்சு. பூபதி மறுபடி ஸ்டேஷன் போயிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தான். அவன்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியாம, மீன் வாங்கிக் கொழம்பு வெச்சேன். பசியில்லைன்னுட்டான். அவிய ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாரு. அதைப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரிஞ்சுது.

"ஏனுங்க, உங்களுக்கு எப்படீங்க உள்ள எறங்குது?"ன்னு கேட்டுட்டேன்.

"என்ன பண்ணச் சொல்ற? பட்டினி கெடந்தா அந்தாளு எந்திரிச்சு வந்துருவானா?"ன்னாரு. அப்புறம் கொல்லைப்பக்கம் போயி வாந்தி எடுத்தாரு. நாந்தான் தண்ணி மோந்து குடுத்தேன்.

மார்ச் 19, செவ்வாய்

கவர்மெண்டு ஆர்டர் தபால்ல வந்துருச்சு. பூபதி கொண்டு வந்து காட்டினான். சாமி படத்துகிட்ட வெச்சுக் கும்பிட்டேன். மெடிக்கலும் போலீஸ் விசாரணையும் முடிஞ்சு வேலையில சேரணும்னு போட்டிருக்குது.

"பாத்தியா, நல்லதே நடக்கும்"னேன்.

"போலீஸ் விசாரணைன்னு போட்டிருக்குக்கா"ன்னான். அதை மட்டும் விரல் வெச்சுக் காட்டினான்.

ஏப்ரல் 12, வெள்ளி

காலேஜ்காரங்க பூபதியை வேலையில இருந்து நிறுத்திட்டாங்க. சாவுக் கேஸ் இருக்கிறவனைப் புள்ளைங்க போற பஸ்ஸுக்கு வெக்க முடியாதாமா. நம்ம லாரி ஸ்டேஷன்ல இருந்து வந்துருச்சு, அதை ஓட்டுடான்னு சொன்னேன். சும்மா இருக்கிறதுக்கு அது நல்லதுதானே? சொந்த வண்டி மாதிரிதான்.

அவன் ஓட்டறதைத் தெருவுல நின்னு பாத்தேன். மூணு கண்ணாடியும் பாத்துட்டுத்தான் கிளம்பறான். எறங்கி ஒரு சுத்துச் சுத்தி வந்து, டயருக்கு அடியில குனிஞ்சு பாத்துட்டு ஏறறான். என்ன தம்பிடா நீ!

மே 8, புதன்

கவர்மெண்டுல இருந்து லெட்டர். கிரிமினல் கேஸ் நிலுவையில இருக்கிறதால பணி நியமனம் ரத்து.

குமாரபாளையத்துக்காரங்க ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லிவிட்டாங்க. பொருந்துதுன்னு மார்கழியிலயே சொன்னவங்க இவங்கதான். மனுசங்களா இவங்க? ஒரு கஷ்டம்னா ஒதுங்கிக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தம்மாவைப் போன்லயே நல்லாக் கேட்டுட்டேன். வெச்சப்புறம் பூபதி, "அவங்களை எதுக்கக்கா திட்டற?"ன்னான்.

அவங்களைங்கறதை மட்டும் அழுத்திச் சொன்ன மாதிரி இருந்துது. எனக்குத்தான் அப்படிக் கேட்டுதோ என்னவோ.

ஜூன் 14, வெள்ளி

இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்து விசாரணைக்கு ஆள் வந்திருந்தாரு. வழுக்கைத் தலை, மரியாதையான மனுசன். முந்தா நாளே பூபதிக்கு எல்லாம் சொல்லிக் குடுத்து வெச்சிருந்தேன்.

"ஆள் எந்தப் பக்கம் வந்தாருங்க?"

"இடது பக்கங்க."

"கண்ணாடியில தெரியலையா?"

"தெரியலீங்க."

"உங்க ரெக்கார்டைப் பாத்தேன். இத்தனை வருசத்துல ஒரு கீறல் இல்ல. பஸ் டெஸ்ட்டுல மொத ஆளா வந்திருக்கீங்க. உங்களுக்கு எப்படிங்க தெரியாமப் போச்சு?"

பூபதி தலை குனிஞ்சு உக்காந்திருந்தான். அவரு எங்க வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "நீங்க ஓட்டறதில்லீங்களா?"ன்னாரு.

"நான் ஓனருங்க. இப்ப ஓட்டறதில்ல."

நான் காப்பியக் கொண்டு வந்து முக்காலியில வெச்சேன். அவிய இடது பக்கம் வெச்ச டம்ளரை எடுக்கக் கைய நீட்டினாரு. கை டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிப் போயித் தடவுது. பூபதி சட்டுனு டம்ளரை எடுத்து மாமா கையில குடுத்தான்.

வந்தவரு பாத்துட்டாரு. நல்லாவே பாத்தாரு. என்னையும் பாத்தாரு. அப்புறம் காப்பியக் குடிச்சு முடிச்சு, "எழுத்துல எல்லாம் சரியா இருக்குதுங்க"ன்னு சொல்லிட்டுச் செருப்பை மாட்டினாரு. எங்களைக் காட்டிக் குடுத்திருந்தாக்கூட இவ்வளவு கேவலமா இருந்திருக்காது.

ஜூலை 3, புதன்

வக்கீலம்மாகிட்டப் போயிட்டு வந்தோம். பேச்சுவாக்குல, "லைசன்ஸ் இருந்தாலும் இல்லாட்டியும் செத்தவங்க குடும்பத்துக்குக் கம்பெனி குடுத்துத்தான் ஆகணும். ஓனர்கிட்ட வசூல் பண்ணுறதுதான் வித்தியாசம்"ன்னாங்க.

பூபதி என்னைத் திரும்பிப் பாத்தான்.

"அப்படீங்களா? இது எங்களுக்குத் தெரியவே தெரியாதுங்களே!"ன்னேன். எனக்கு அப்பத் தெரிஞ்சிருந்தா இவன் பேரைக் குடுக்க விட்டிருப்பனா?

மழை வர்ற மாதிரி இருந்துது, வரல.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பூபதி லைசன்ஸை நிறுத்தி வெச்சுட்டாங்க. கேஸ் முடியற வரைக்கும் எதையும் ஓட்டக் கூடாது. லாரி தெருவுல நிக்குது.

செப்டம்பர் 10, செவ்வாய்

எங்க வீட்டுக்காரர் லைசன்ஸ் ரெனியூ ஆயிருச்சு. புரோக்கர் மூலமாத்தான். கண்ணு சர்டிபிகேட்டும் அவரே வாங்கிட்டு வந்தாரு. ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுதுன்னு போட்டு, டாக்டர் கையெழுத்தும் சீலும் இருக்குது. அந்த டாக்டரை நாங்க பாத்ததே இல்ல, அவரும் எங்களைப் பாத்ததில்ல.

இப்ப பேப்பரெல்லாம் சுத்தம்.

செப்டம்பர் 18, புதன்

அவிய மொத லோடுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தாரு. இடது பக்கக் கண்ணாடியக் காணோம். இடது பக்க பாடியில நீளமா ஒரு கீறல். மரத்துல உரசிருச்சாம். "மரம் ரோட்டுக்கு வந்துருச்சு"ன்னாரு. நான் வெளக்கமாத்தைத் தூக்கி வாசல்ல அடிச்சேன்.

"மரமா ரோட்டுக்கு வந்துது? இன்னொரு ஆளைக் கொன்னுட்டு வந்து நிப்பீங்களா? பேரைக் குடுக்க எனக்கு இன்னும் எத்தனை தம்பி இருக்கான்?"

தெருவே கேட்டுது. அவிய தின்னுட்டுப் படுத்துக்கிட்டாரு. ராத்திரி கயல் போன் பண்ணி ஹாஸ்டல் பீஸ் கட்டற தேதியச் சொன்னா. லாரியை நிறுத்தினா எதை வெச்சுக் கட்டறது?

செப்டம்பர் 20, வெள்ளி

பூபதியைக் கூப்பிட்டேன்.

"சும்மாதானேடா இருக்க. மாமாகூட ஒரு நடை போயிட்டு வா. பேச்சுத் துணைக்கு."

"பேச்சுத் துணைக்கா, இடது பக்கத்துக்கா?"

அவன் அப்படிக் கேப்பான்னு நான் நெனைக்கல. எனக்குக் கோவம் வந்துருச்சு. "நீயும் குத்திக் காட்டறியா? நான் யாருக்காகடா இவ்வளவும் பண்றேன்?"னு கத்தினேன். அவன் சட்டையை மாட்டிட்டு, துண்டைத் தோள்ல போட்டுட்டு, கேபின்ல இடது பக்கக் கதவைத் தொறந்து ஏறினான். மாதையன் உக்கார்ற எடம். வண்டி திரும்பறப்ப ஜன்னல்ல தலைய நீட்டி, கதவைத் தட்டி, "வரலாம், வரலாம்! நிறுத்துங்க மாமா, சைக்கிள்!"ன்னு சொன்னான்.

நல்ல சத்தம் அவனுக்கு. சின்ன வயசுல இருந்தே.

நவம்பர் 2, சனி

தீவாளிக்குப் பூபதிக்கு ஒரு சட்டை எடுத்தேன். கிரீஸ் படாத வேலைக்குப் போறவங்க போடற மாதிரி வெள்ளைச் சட்டை. என்ன நெனைச்சுட்டு எடுத்தேன்னு எனக்கே தெரியல. பிரிக்காம வெச்சிருக்கான்.

டிசம்பர் 14, சனி

இன்னைக்கு மக்கள் நீதிமன்றத்துல சமரசம் முடிஞ்சுது. கம்பெனி அர்த்தனாரி வீட்டுக்குக் குடுக்க ஒத்துக்கிச்சு. எங்ககிட்ட வசூல் கெடையாது. பூபதி மேல இருக்கிற சாவுக் கேஸ் மட்டும் தனியா நடக்குது. வீடு நின்னுது, வண்டி நின்னுது. நடேசண்ணன் எங்க வீட்டுக்காரர் கையப் புடிச்சுக் குலுக்கினாரு.

வெளிய வேப்பமரத்தடியில அந்தம்மா நின்னுட்டிருந்தாங்க. அர்த்தனாரி சம்சாரம். என் வயசுதான் இருக்கும். நேரா பூபதிகிட்ட வந்தாங்க. அடிப்பாங்களோன்னு நான் முன்னால போனேன். அவங்க அடிக்கல. அவன் மூஞ்சியவே பாத்துட்டு நின்னாங்க.

"ஏஞ் சாமி, இவ்வளவு சின்ன வயசு. உனக்குக் கண்ணு தெரியலையா?"

பூபதிக்கு ரெண்டடி தள்ளி எங்க வீட்டுக்காரர். அவருக்குப் பக்கத்துல நான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை யாராச்சும் சொல்லியிருக்கலாம். அவிய செருப்பையே பாத்துட்டு நின்னாரு. நான் பைக்குள்ள பேப்பரை அடுக்கிட்டிருந்தேன்.

"தெரியலீங்கம்மா. மன்னிச்சுருங்க"ன்னான் பூபதி.

"ஆஸ்பத்திரியில இருந்தப்பக்கூட ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கலையே"ன்னு அந்தம்மா சொன்னாங்க. அதை அவனைப் பாத்துச் சொல்லல. என்னைப் பாத்துச் சொன்னாங்க.

வீட்டுக்கு வந்து அலமாரியத் தொறந்தா அந்த ஹார்லிக்ஸ் இருக்குது. கொட்டிட்டேன். அப்புறம் ஒக்காந்து அழுதேன். ஜெயிச்ச அன்னைக்கு எதுக்கு அழுவறேன்னு அவிய கேட்டாரு. எனக்கு அந்த மனுசனைப் பாக்கவே புடிக்கல. என்னையும் புடிக்கல.

ஜனவரி 3, வெள்ளி

புது டைரி. நீலக் கலர் அட்டை. நடேசண்ணன் காலையில ரெனியூவலுக்கு வந்தாரு. லாரி லோடுக்குக் கிளம்ப வாசல்ல நின்னுட்டிருந்துது.

"டிரைவர் ஒண்ணு. கிளீனர் இல்ல. போன வருசம் மாதிரியே போட்டுரலாமா?"

"கிளீனருக்கும் சேத்துப் போடுங்கண்ணா."

"மாதையன் மறுபடி வந்துட்டாரா?"

"இல்ல. என் தம்பி."

நடேசண்ணன் பேனாவைக் கீழ வெச்சுட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் மறுபடி எடுத்து எழுதினாரு. காப்பி வேண்டாம்னுட்டாரு.

டிபன் கேரியரை எடுத்துட்டு வண்டிகிட்டப் போனேன். பூபதி டயரைத் தட்டிப் பாத்துட்டிருந்தான். அவனுக்கு ஒரு நல்லது பண்ணின சந்தோசம் எனக்கு. உண்மையாவே சந்தோசமா இருந்துது. "உனக்கும் சேத்து இன்சூரன்ஸ் போட்டுட்டேன்டா, கிளீனர்னு"ன்னேன்.

நிமிந்து பாத்தான். எத்தனையோ மாசம் கழிச்சு அவன் சிரிச்சு இன்னைக்குத்தான் பாக்கறேன்.

"நல்லதுக்கா"ன்னான். டிபன் கேரியரை வாங்கிக்கிட்டான். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் லைசன்ஸ்தான் செல்லாதே. இனி மாமா யார் மேலயாச்சும் ஏத்திட்டார்னா, யார் பேரைக்கா குடுப்ப?"

குத்தலாக் கேக்கல. தெரிஞ்சுக்கணும்னு கேக்கற மாதிரிதான் கேட்டான். பதிலுக்குக் கொஞ்சம் நின்னும் பாத்தான். நான் புடவைத் தலைப்புல கையைத் துடைச்சுட்டே இருந்தேன். ஈரமே இல்ல கையில.

அவன் சுத்தி வந்து இடது பக்கம் ஏறிக்கிட்டான். அவிய வண்டிய எடுத்தாரு. தெருமுனையில ஒரு பொம்பளை கொழந்தையக் கையில புடிச்சுட்டு நடந்து வந்துட்டிருந்தா.

"நிறுத்துங்க மாமா! ஆள் இருக்குது!"

நின்னுது. அவங்க ரெண்டு பேரும் தாண்டற வரைக்கும் அவன் கையை வெளிய நீட்டிட்டே இருந்தான்.